வாலாட்டும் வைத்தியர்கள்!

குட்டீஸ், இப்படி ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்துவிட்டது. வகுப்பில் டீச்சரிடம் திட்டு. கூடவே உட்காரும் தோழியும் ஏதோ கோபத்தில் பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். கேட்டைத் திறக்கும் முன்பே 'மணி' வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. உங்கள் மேல் தாவுகிறது, கையை நக்குகிறது. "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்பதே இல்லை!

இரண்டு நிமிடம் அதன் கழுத்தைத் தடவிக் கொடுக்கிறீர்கள். நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கிறது, இல்லையா? நாய்தான் வேண்டும் என்பதில்லை. பூனை, கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி, கூட்டமாக வந்து அரிசி பொறுக்கும் சிட்டுக்குருவி எதைப் பார்த்தாலும் நம்மில் பலருக்கு இப்படித்தான்.

இது வெறும் பிரமையா? அல்லது உடம்புக்குள் உண்மையாகவே ஏதாவது நடக்கிறதா? மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். இன்று உலகின் பல ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் விலங்குகள் நோயாளிகளுக்கு உதவி வருகின்றன. இதற்கு 'விலங்குவழி சிகிச்சை' என்று பெயர். இது எப்படி வளர்ந்தது? வாருங்கள், ஒரு குட்டி நாயிடமிருந்து தொடங்குவோம்.

பதுங்குகுழியில் கிடைத்த ஸ்மோக்கி

அது 1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூகினித் தீவின் காட்டில், கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் ஒரு குட்டி நாய் தவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். யார் வளர்த்த நாய், அந்தக் காட்டுக்குள் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யார்க்ஷயர் டெரியர் என்ற வகையைச் சேர்ந்த பெண் நாய் அது. முழுதாக வளர்ந்த பிறகும் அதன் எடை 2 கிலோகூட இல்லை!

பில் வின் என்ற இளம் சிப்பாய் அதை 2 ஆஸ்திரேலிய பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டார். 'ஸ்மோக்கி' என்று பெயர் வைத்தார். தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார், தன் கூடாரத்திலேயே தூங்க வைத்தார். ஓய்வு நேரத்தில் அதற்கு வித்தைகளும் சொல்லிக் கொடுத்தார். கயிற்றின் மேல் நடக்கவும், சின்ன ஸ்கூட்டர் வண்டி ஓட்டவும்கூட ஸ்மோக்கி கற்றுக்கொண்டது.

ஒரு சமயம் பில்லுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவருடைய நண்பர்கள் ஸ்மோக்கியை அங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்த நர்சுகளுக்கு ஒரே குதூகலம்! போரில் அடிபட்டு வந்த வீரர்களிடமும் அதை அழைத்துப் போகலாமா என்று கேட்டார்கள். பெரிய டாக்டரும் சம்மதித்தார்.

அந்த வார்டுகளில் யார் யார் படுத்திருந்தார்கள் தெரியுமா? குண்டடி பட்டவர்கள். கண்ணெதிரே நண்பர்களைப் பறிகொடுத்தவர்கள். வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தவர்கள். அவர்களில் பலர் உம்மென்று கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள். அங்கே இந்தப் பொம்மை போன்ற நாய் நுழைந்ததும் முகங்கள் மலர்ந்தன. ஒருவர் கூப்பிட்டார், இன்னொருவர் தடவிக் கொடுத்தார். தங்கள் வீட்டு நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் வார்டு வார்டாகச் சுற்றிவிட்டு, இரவில் பில்லின் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும் ஸ்மோக்கி.

அது வேறொரு சாகசமும் செய்தது. பிலிப்பைன்ஸில் ஒரு விமானத் தளத்தின் ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. அடியில் ஒரு குழாய் போனது. நீளம் சுமார் 21 மீட்டர். அகலம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். உள்ளே பல இடங்களில் மண் சரிந்து கிடந்தது. ஓடுபாதையைத் தோண்டினால் பல நாள் வேலை. எதிரி விமானம் எப்போது வருமோ என்ற பயம் வேறு. ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் நூலைக் கட்டிவிட்டு, மறுமுனையில் நின்று பில் கூப்பிட்டார். தவழ்ந்து தவழ்ந்து, மண்ணுக்குள் புகுந்து, வெளியே வந்து அவர் கையில் குதித்தது ஸ்மோக்கி!

போர் முடிந்ததும் பில் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். அங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளைச் சிரிக்க வைத்தது. 1957-இல் அது இறந்தது. வரலாற்றில் பதிவான முதல் 'சிகிச்சை நாய்' என்று பலரும் ஸ்மோக்கியைத்தான் சொல்கிறார்கள்.

பேசாத சிறுவனும் 'ஜிங்கிள்ஸ்' டாக்டரும்

ஸ்மோக்கி செய்தது தற்செயலான உதவி. அதை ஒரு மருத்துவ முறையாக யோசித்தவர் போரிஸ் லெவின்சன். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் குழந்தைகளுக்கான மனநல நிபுணராக இருந்தவர். அவரிடம் 'ஜிங்கிள்ஸ்' என்றொரு நாய் இருந்தது. நோயாளிகள் வரும் நேரத்தில் அதை அறைக்குள் விட மாட்டார்.

ஒரு நாள், ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார். அந்தச் சிறுவன் யாரோடும் ஒட்டாமல் தனக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தவன். பல மருத்துவர்களிடம் காட்டியும் பலனில்லை. கதவு திறந்ததும், லெவின்சனின் காலடியில் படுத்திருந்த ஜிங்கிள்ஸ் ஓடிப்போய்ச் சிறுவனை நக்கத் தொடங்கியது. 'ஐயோ, பயந்துவிடப் போகிறானே' என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அவனோ நாயைக் கட்டிக்கொண்டான்!

லெவின்சன் நாயை விரட்டவில்லை. என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது, 'மறுபடியும் வந்து இந்த நாயோடு விளையாடலாமா?' என்று சிறுவனே விரும்பிக் கேட்டான். அதன் பிறகு பல தடவை வந்தான். முதலில் நாயோடு மட்டும்தான் விளையாடினான். டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பதையே கண்டுகொள்ளவில்லை. நாளாக நாளாக, நாயின் மேல் வைத்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் பக்கமும் திரும்பியது. பேச்சு வந்தது. சிகிச்சையும் தொடங்கியது.

ஏன் இப்படி? யோசித்துப் பாருங்கள். மனதில் காயம்பட்ட குழந்தைக்குப் பெரியவர்கள் என்றாலே பயம். 'என்ன கேட்பாரோ, என்ன சொல்வாரோ' என்ற தயக்கம். நாய் கேள்வி கேட்காது, குறை சொல்லாது, ரகசியத்தை வெளியே விடாது. அதனால் முதல் அடி எடுத்து வைப்பது எளிதாகிறது. நாய் ஒரு பாலம் மாதிரி. அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் குழந்தை.

1961-இல் மனநல நிபுணர்களின் கூட்டமொன்றில் லெவின்சன் இதைச் சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். 'வாங்கும் ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு தருகிறீர்கள்?' என்றுகூடக் கிண்டல் செய்தார்கள். அவர் அசரவில்லை. 1969-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அன்றைக்குச் சிரித்த துறை, பிறகு அவரை இந்தச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

தெரியுமா உங்களுக்கு?

* இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் ஒரு மனநல இல்லம் திறக்கப்பட்டது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்த காலம் அது. இந்த இல்லத்திலோ முற்றத்தில் முயல்களையும் கோழிகளையும் கடற்பறவைகளையும் வளர்த்து, நோயாளிகளை அவற்றோடு பழக விட்டார்கள்.

* 'கைவிளக்கேந்திய காரிகை' ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நெடுநாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று தன் நூலில் அவர் எழுதியிருக்கிறார். அவரே ஓர் ஆந்தையை வளர்த்தார்! கிரீஸ் நாட்டின் ஏதென்ஸ் நகரில் அவர் காப்பாற்றிய குட்டி ஆந்தை அது. பெயர் 'ஏதீனா'. அவருடைய சட்டைப் பையிலேயே உட்கார்ந்து பயணம் செய்யுமாம்.

* மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டின் அறையில் 'ஜோஃபி' என்ற நாய் படுத்திருக்கும். நேரம் முடிந்ததும் அது எழுந்துவிடும். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை!

நடக்க முடியாதவரைச் சுமந்த ஜூபிலி

இனி ஒரு குதிரையின் கதை. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் சிறந்த குதிரையேற்ற வீராங்கனை. 1944-இல், 23 வயதில், அவரைப் போலியோ தாக்கியது. அப்போது அவர் கர்ப்பமாக வேறு இருந்தார். போலியோவுக்கு அன்று தடுப்பு மருந்தே கிடையாது. கை, கால் எதையும் அசைக்க முடியாமல் படுத்த படுக்கையானார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால், 'இனிக் குதிரை ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான்' என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

லிஸ் மட்டும் மறக்கத் தயாராக இல்லை. முதலில் கையைத் தூக்கிப் பழகினார். பிறகு குழந்தையைப் போலத் தவழ்ந்தார். பிறகு ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாதக்கணக்கில் உழைத்தும் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் திரும்பவே இல்லை. அப்படியும் குதிரை மேல் ஏற்றிவிடச் சொன்னார்.

அவர் போட்டியிட்டது 'டிரெஸ்ஸாஜ்' என்ற பிரிவில். இதில் வேகம் முக்கியமில்லை. குதிரையை நாட்டியம் ஆடுவதுபோல அழகாக நடத்திக் காட்ட வேண்டும். பொதுவாகக் கால்களால் குதிரையின் விலாவில் இலேசாக அழுத்தித்தான் 'இப்படிப் போ, அப்படித் திரும்பு' என்று சொல்வார்கள். லிஸ்ஸால் அது முடியாதே! அதனால் முதுகை அசைத்தும், உடல் எடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றியும் குறிப்புக் கொடுத்தார். அவருடைய குதிரை ஜூபிலி அந்த மொழியைக் கற்றுக்கொண்டது.

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. டிரெஸ்ஸாஜில் அதுவரை ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் கலந்துகொள்ள முடியும். அந்த ஆண்டுதான் முதல்முறையாகப் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஆண்களோடு சமமாக மோதி, லிஸ் வெள்ளிப் பதக்கம் வென்றார்! குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு மற்றவர் உதவி வேண்டும். பதக்கம் வாங்கும் மேடையில் ஏற, தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர் கைகொடுத்து உதவினார். பார்த்தவர்கள் கண்களில் தண்ணீர். 1956-இல் மறுபடியும் வெள்ளி வாங்கினார் லிஸ். அதுவும் அதே ஜூபிலியின் மேலேறி!

இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. 'குதிரை சவாரி உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுமா?' என்று மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். லிஸ்ஸும் மற்ற நோயாளிகளுக்குச் சவாரிப் பயிற்சி கிடைக்கப் பாடுபட்டார். பிறகு பல நாடுகளில் இதற்கென்றே அமைப்புகள் தோன்றின.

குதிரை எப்படி வைத்தியம் செய்கிறது?

குதிரைவழி சிகிச்சைக்கு 'ஹிப்போதெரபி' என்று பெயர். உடனே நீர்யானை நினைவுக்கு வருகிறதா? பயப்படாதீர்கள், நீர்யானை மேல் யாரையும் ஏற்றுவதில்லை! கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. 'பொட்டமோஸ்' என்றால் ஆறு. நாம் 'நீர்யானை' என்கிறோம். கிரேக்கர்களுக்கு அது 'ஆற்றுக் குதிரை'!

இப்போது எழுந்து நான்கு அடி நடந்து பாருங்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தால் நன்றாகத் தெரியும். நடக்கும்போது இடுப்பு முன்னும் பின்னும் போகிறது. பக்கவாட்டில் சாய்கிறது. கொஞ்சம் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. குதிரை நடக்கும்போது அதன் முதுகும் ஏறக்குறைய இதேபோல்தான் அசைகிறது. அதனால், நடக்கவே முடியாத குழந்தையைக் குதிரை மேல் உட்கார வைத்தால், அந்தக் குழந்தையின் இடுப்பு நடப்பவரின் இடுப்பைப்போல அசைகிறது.

குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை? சுமார் 3,000! ஒவ்வோர் அடிக்கும் விழாமல் இருக்க முதுகு, வயிறு, கழுத்துத் தசைகள் வேலை செய்ய வேண்டும். 3,000 தடவை உடற்பயிற்சி செய் என்றால் நீங்கள் ஓடியே போய்விடுவீர்கள். குதிரை மேல் என்றால், 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று கெஞ்சுவீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் நிமிர்ந்து உட்காரவும் சமநிலை பழகவும் இந்தப் பயிற்சி உதவுகிறது. பக்கத்தில் பிசியோதெரபி நிபுணரும் உதவியாளர்களும் எப்போதும் நடந்து வருவார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாயைத் தடவினால் மனசு இலேசாவது ஏன்? நம் உடம்பில் 'ஹார்மோன்கள்' என்ற ரசாயனங்கள் சுரக்கின்றன. பயமும் பதற்றமும் வரும்போது கூடும் ஒரு ஹார்மோனின் பெயர் கார்டிசால். அன்பும் நெருக்கமும் தோன்றும்போது கூடும் ஒன்றின் பெயர் ஆக்ஸிடோசின். அம்மா கைக்குழந்தையைக் கொஞ்சும்போது இது கூடுகிறது.

2015-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கவிட்டு, முன்னும் பின்னும் இருவருடைய சிறுநீரையும் சோதித்தார்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில், வளர்ப்பவருக்கு ஆக்ஸிடோசின் கூடியிருந்தது. நாய்க்கும் கூடியிருந்தது! மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடமும் இதே சோதனையைச் செய்தார்கள். அவற்றில் இது நடக்கவில்லை. பல ஆயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து நாய் கற்றுக்கொண்ட பாடம் இது போலும்.

இன்னொரு சோதனை 2019-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 249 மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 நிமிடம் நாய், பூனைகளைத் தடவி விளையாடியது. ஒரு குழு வரிசையில் நின்று அதை வேடிக்கை பார்த்தது. ஒரு குழுவுக்குப் படம் மட்டும் காட்டினார்கள். ஒரு குழு சும்மா காத்திருந்தது. பிறகு எல்லாருடைய எச்சிலையும் எடுத்துச் சோதித்தார்கள். தடவி விளையாடியவர்களுக்குத்தான் கார்டிசால் குறைவாக இருந்தது. பத்தே நிமிடம்!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1980-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாரடைப்பு போன்ற இதயக் கோளாறால் ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்துத் திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்தார்கள். 'ஆகா, நாய் வளர்த்தால் சாவே இல்லை' என்று குதித்துவிடக் கூடாது. பிராணி வளர்ப்பவர்கள் வேறு ஏதாவது காரணத்தாலும் நலமாக இருந்திருக்கலாம். ஓர் ஆய்வு கதவைத் திறக்கும். உள்ளே போய்ப் பார்க்க இன்னும் பல ஆய்வுகள் வேண்டும். விஞ்ஞானம் இப்படித்தான் அடிமேல் அடி வைத்து நடக்கிறது.

தப்பாகப் படித்தாலும் சிரிக்காத நண்பன்

உங்கள் வகுப்பில் இப்படி ஒருவர் இருக்கிறாரா? 'எழுந்து பாடத்தைப் படி' என்றால் போதும், கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததும் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், அடுத்த வரி கண்ணில் தெரியாது. ஒருவேளை, அது நீங்களாகக்கூட இருக்கலாம்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரில் 1999-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நூலகத்தில் ஒரு விரிப்பைப் போட்டு, பயிற்சி பெற்ற நாயைப் படுக்க வைத்தார்கள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை படித்துக் காட்ட வேண்டும். நாய் திருத்தாது, அவசரப்படுத்தாது, சிரிக்காது. காதைத் தூக்கிக் கேட்கும், சில சமயம் தூங்கியும்விடும்! குழந்தைக்குத் தான் 'ஆசிரியர்' ஆகிவிட்ட பெருமிதம். தயக்கம் போனால் படிப்பு தானாக வரும் என்பதுதான் இதன் சூட்சுமம். இந்தத் திட்டம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

ஹாங்காங்கில் 1991-இல் 'டாக்டர் டாக்' என்ற பெயரில் நாய்களை ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்லும் திட்டம் தொடங்கியது. பெயரைப் பார்த்தீர்களா? நாய்க்கே டாக்டர் பட்டம்! நம் சென்னையிலும் புளூ கிராஸ் அமைப்பு இந்தத் திட்டத்தை நடத்தியிருக்கிறது.

எல்லா நாயும் டாக்டர் ஆகிவிட முடியுமா?

முடியாது. இதற்கும் 'நுழைவுத் தேர்வு' உண்டு. தட்டு கீழே விழுந்து 'டணார்' என்று சத்தம் கேட்டாலும் மிரளக் கூடாது. சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் பார்த்துக் குரைக்கக் கூடாது. குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுமை வேண்டும். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். குளித்து, நகம் வெட்டிச் சுத்தமாக வர வேண்டும். பழக்கியவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான தகுதி இருக்கிறது. அந்த நாய்க்கே புதிய மனிதர்களைப் பிடிக்க வேண்டும். பிடிக்காத நாயைக் கட்டி இழுத்து வந்து, 'அன்பு காட்டு' என்றால் அது சிகிச்சை இல்லை, சித்திரவதை. நாய்க்கும் களைப்பு வரும். கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது எல்லாம் 'போதும்' என்று அது சொல்லும் அடையாளங்கள். உடனே ஓய்வு கொடுக்க வேண்டும். டால்ஃபின் போன்ற காட்டு உயிர்களைத் தொட்டியில் அடைத்து வைத்துச் சிகிச்சை என்று நடத்துவதைப் பல அறிவியலாளர்கள் எதிர்க்கிறார்கள். அதனால் பலன் உண்டு என்பதற்குச் சரியான ஆதாரமில்லை; அந்த உயிர்களுக்குத் துன்பம் உண்டு.

அதேபோல, இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் ஏற்றதும் இல்லை. சிலருக்கு நாய், பூனையின் ரோமம் ஒத்துக்கொள்ளாது, மூச்சிரைக்கும். சிலருக்கு நாய் என்றாலே பயம். அவர்களை வற்புறுத்தக் கூடாது. மருந்துக்கும் டாக்டருக்கும் பதிலாக நாயோ குதிரையோ வர முடியாது. டாக்டரின் சிகிச்சைக்குத் துணையாகத்தான் வரும்.

மறக்கவே கூடாத எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டுத் தெருவில் போகிற நாயை எல்லாம் கட்டிக்கொள்ளக் கூடாது, கண்ணுகளா! தெரியாத நாயைத் தொடாதீர்கள். தெரிந்த நாயானாலும் வளர்ப்பவரைக் கேட்டுவிட்டே தொடுங்கள். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் கிட்டவே போகாதீர்கள்.

நாயோ பூனையோ குரங்கோ கடித்துவிட்டால், அல்லது இலேசாகப் பிறாண்டினால்கூட, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 'வீட்டில் திட்டுவார்களே' என்று மறைக்கவே மறைக்காதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால், காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அந்த நோய் வராமலே தடுத்துவிடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு வேலை!

வீட்டில் நாயோ பூனையோ ஆடோ மாடோ இருக்கிறதா? இன்று மாலை ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். சத்தமாக ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள். பிராணி எதுவும் இல்லையா? மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். காக்கையும் மைனாவும் அணிலும் வரும். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். மனசு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் எழுதினால் அதுவே உங்கள் சொந்த ஆராய்ச்சி!

கடைசியாக ஒன்று. ஜிங்கிள்ஸ் அந்தச் சிறுவனுக்கு என்ன செய்தது? ஊசி போடவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றது, அவ்வளவுதான். நாளை உங்கள் வகுப்பில் யாராவது உம்மென்று தனியாக உட்கார்ந்திருந்தால், "என்ன மார்க்?" என்று கேட்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டுங்கள். அந்த வைத்தியம் செய்ய வால்கூடத் தேவையில்லை!